கபுகி நடிகர்களின் நிழல் முகங்கள்: பார்க்கவும் செதுக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் என்றதும் பலருக்கும் ஹோக்குசாயின் பெரிய அலைதான் ஞாபகம் வரும். இன்னும் கொஞ்சம் உள்ளே போனவர்களுக்குக் கபுகி என்ற ஜப்பானிய மேடை நாடகத்தின் நடிகர்களுடைய படங்கள் தெரிந்திருக்கும்: முறைத்த கண், கோணிய வாய், முகமெல்லாம் சிவப்புக் கோடு, மடிப்பு மடிப்பாகப் பட்டாடை. நான் இங்கே சொல்லப்போவது இதற்கு நேர் எதிரான ஒரு வகையைப் பற்றி. கண் கிடையாது, புருவம் கிடையாது, சாயம் கிடையாது. பக்கவாட்டில் திரும்பிய ஒரு தலையின் நிழல், அவ்வளவுதான். ஆனாலும் அன்றைக்கு அதைக் கடையில் வாங்கிப் பார்த்த ரசிகருக்கு அது யார் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம், இந்த வழிகாட்டியும் அதைத் தேடித்தான் போகிறது. முதல் பாதியில் இந்தப் படங்களை எப்படிப் பார்ப்பது, பிற்பாதியில் உங்களுக்குத் தெரிந்த ஒரு முகத்தை நீங்களே எப்படிச் செதுக்கி அச்சிடுவது. இரண்டாவதைச் செய்து பார்த்த பிறகுதான் முதலாவது எனக்கு ஒழுங்காகப் புரிந்தது.

எந்தப் படங்கள்?

1867இல், எடோ நகரம் டோக்கியோ என்று பெயர் மாறுவதற்கு முந்தைய ஆண்டில், ஒச்சியாய் யோஷிஇக்கு என்ற ஓவியர் ‘மக்கோத்தோ நோ சுக்கிஹானா நோ சுகாத்தாஎ’ என்று நடிகர்களின் நிழல் முகங்கள் கொண்ட ஒரு படவரிசை வெளியிட்டார். நிலவு, மலர், உருவப்படம் எல்லாம் அந்தத் தலைப்பில் இருக்கின்றன. அச்சு அசலான சாயல் என்ற உறுதிமொழியும் இருக்கிறது. ஜப்பானிய எழுத்தில் இருக்கும் தலைப்பின் முதல் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி எழுதினால் ‘ஷாஷின்’ என்று வரும், ஜப்பானிய மொழியில் புகைப்படத்துக்கு அதுதான் சொல். யோகோஹாமாவிலும் நாகசாகியிலும் 1862இலேயே ஜப்பானியர்கள் நடத்திய புகைப்பட நிலையங்கள் வந்துவிட்டன. ஆகவே யோஷிஇக்கு எதை மனதில் வைத்துக்கொண்டு தலைப்பு வைத்தார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

யோஷிஇக்கு 1833இல் பிறந்தவர், உதாகாவா குனியோஷியின் மாணவர். இதே காலத்தில் சக மாணவரான யோஷிதோஷியோடு சேர்ந்து, ஆளுக்குப் பதினான்காக 28 கொலைக் காட்சிகள் கொண்ட ரத்தக்களரியான ஒரு வரிசையும் வரைந்துகொண்டிருந்தார். ஒரு கையால் அதையும் இன்னொரு கையால் இந்த அமைதியான நிழல்களையும் வரைந்த மனிதர் என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. பிறகு 1872இல் டோக்கியோவின் முதல் நாளிதழான ‘டோக்கியோ நிச்சிநிச்சி ஷிம்புன்’ தொடங்கியவர்களில் ஒருவரானார்.

நிழலை ரசிப்பது அவர் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. ஜப்பானிய வீட்டில் ஷோஜி என்ற காகிதக் கதவு உண்டு, உள்ளே விளக்கு எரிந்தால் ஆளின் நிழல் வெளியே விழும். அந்த நிழலை வைத்து விருந்துகளில் விளையாடுவார்கள். ஹிரோஷிகே என்ற ஓவியர் அந்த விளையாட்டுக்கென்றே ஒரு வரிசை போட்டிருக்கிறார்: ஒரு மனிதர் கையில் ஏதோ சாமான்களைப் பிடித்து உடம்பை வளைத்து நிற்பார், பக்கத்தில் அதே உருவம் நிழலாக விழுந்தால் ப்ளம் கிளையில் உட்கார்ந்த பறவையாகத் தெரியும். அங்கே நிழல் ஏமாற்றுகிறது. யோஷிஇக்குவின் படங்களில் நிழல்தான் உண்மை பேசுகிறது. இந்த மாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

படி 1: பெயரை மூடிவிட்டுப் பாருங்கள்

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் யோஷிஇக்குவின் படங்களைத் தேடலாம். நடிகர் படங்களுக்கு வாசெதா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகத் தரவுத்தளம் பெரிய சுரங்கம். ஒரு படத்தைத் திறந்ததும் திரையில் எழுத்து இருக்கும் பகுதியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். எழுத்து தெரிந்தால் மூளை உடனே அங்கே ஓடும், ஜப்பானிய மொழி தெரியாதவருக்கும் அப்படித்தான். படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள்; அசல் தாள் சுமார் 39க்கு 26 சென்டிமீட்டர், ஒரு தலையும் தோளும் அதை நிறைக்கும். கட்டைவிரல் அளவில் பார்த்தால் வெறும் கறுப்புத் திட்டுதான் தெரியும்.

படி 2: விளிம்போரமாக நடந்து போங்கள்

வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் கண்ணை வைத்து, கோட்டில் எறும்பு ஊர்வது போலக் கீழே வாருங்கள். நெற்றி நேராக இறங்குகிறதா, பின்னுக்குச் சாய்ந்திருக்கிறதா? நெற்றியும் மூக்கும் சேரும் பள்ளம் எவ்வளவு ஆழம்? மூக்குத்தண்டில் மேடு இருக்கிறதா? நுனி மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா? மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம்? அப்புறம் உதடுகள். இரண்டில் எது முந்திக்கொண்டு நிற்கிறது, வாய் மூடிய கோடு எவ்வளவு உள்ளே போகிறது? கீழுதட்டுக்குக் கீழே ஒரு குழி, பிறகு தாடை, தாடையிலிருந்து தொண்டைக்கு இறங்கும் திருப்பம். அந்தத் திருப்பம் கூர்மையாக இருந்தால் ஆள் இளையவர், மழுங்கி வழிந்தால் வயதானவர் அல்லது பருத்தவர். இது எல்லா முகத்துக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன், பெரும்பாலும் பொருந்தும்.

இவ்வளவும் சேர்த்து ஒரு சாண் நீளக் கோடுதான். சாயல் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. வழக்கமான நடிகர் படத்தில் ஓவியருக்குக் கண், புருவம், வாயோரச் சுருக்கம், உடையில் குடும்பச் சின்னம் என்று பிடித்துக்கொள்ள ஆயிரம் கொம்பு உண்டு. வழக்கமாக முகத்தையும் முக்கால் பங்கு திருப்பித்தான் வரைவார்கள். இங்கே எல்லாக் கொம்பையும் வெட்டிவிட்டு ஒற்றைக் கோட்டில் நிற்கிறார்.

பார்ப்பவர்களும் அதற்குத் தயாராக இருந்தார்கள். முகச் சாயலோடு நடிகர்களை வரைவது எடோவில் 1760களிலிருந்தே ஊன்றிவிட்ட பழக்கம். 1817இல் உதாகாவா டோயோகுனி என்ற ஓவியர், நடிகர் முகங்களைச் சாயலோடு வரையக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் புத்தகமே போட்டார், அவ்வளவு பேர் ஆசைப்பட்டிருக்கிறார்கள். 1842இல் அரசு நடிகர் படங்களைத் தடை செய்தது. சில ஆண்டுகள் கழித்து யோஷிஇக்குவின் ஆசான் குனியோஷி, களஞ்சியச் சுவரில் யாரோ ஆணியால் கிறுக்கியது போல நடிகர் முகங்களை வரைந்து வெளியிட்டார். சுவர்க் கிறுக்கலிலேயே ஆளை அடையாளம் கண்ட கூட்டத்துக்கு நிழல் எம்மாத்திரம்?

படி 3: தலைமுடிக்கு வாருங்கள்

முகத்தை முடித்துவிட்டு உச்சந்தலைக்குப் போங்கள். அந்தக் கால ஆண்கள் முன்னந்தலையை மழித்து, பின்முடியைக் குடுமியாகக் கட்டி உச்சியில் மடித்து வைப்பார்கள். நிழலில் மழித்த பகுதி வழவழப்பான வளைவாகத் தெரியும், அதன்மேல் குடுமி தனியாக ஒரு சின்ன மேடு. பெண் வேடம் கட்டும் நடிகர்களும் ஆண்கள்தான், மழித்த முன்னந்தலையை மறைக்க ஊதாத் துணித்துண்டு வைப்பார்கள். நிழலில் ஊதாவும் தெரியாது, துணியும் தெரியாது, வடிவம் மட்டும் மிஞ்சும்.

முடி விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். முக விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருந்தால் முடி விளிம்பு இழை இழையாகப் பிரியும். இது ஓவியர் வரைந்ததை மரக்கட்டையில் வெட்டும் செதுக்குபவரின் வேலை. பட்டறையில் உடையையும் பின்னணியையும் இளையவர்கள் செதுக்குவார்கள், முகமும் முடியும் தலைமைச் செதுக்குநருக்கு. ஒரு மில்லிமீட்டருக்குள் ஒன்றுக்கு மேல் இழை வரும்படி மரத்தில் விட்டுச் செதுக்குவது பல வருடப் பயிற்சி. படத்தில் கையெழுத்து யோஷிஇக்குவுடையது என்றாலும், நாம் பார்க்கும் கோடு செதுக்கியவருடைய கையிலிருந்து வந்தது. அவர் பெயர் பல தாள்களில் இருக்காது, எனக்கு இது எப்போதும் உறுத்தும்.

படி 4: கருமையைப் பாருங்கள்

தார் பூசினது போன்ற கருமை என்று நினைத்து வந்தால் ஏமாறுவீர்கள். நிழல் பெரும்பாலும் சாம்பல் கலந்த கருமைதான், காகிதக் கதவுக்கு அப்பால் விழுந்த நிழல் அப்படித்தானே இருக்கும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மை மெல்ல வெளுத்துப் போகும் வித்தைக்கு ‘போக்காஷி’ என்று பெயர். இதற்குத் தனி அச்சு கிடையாது. கட்டையின் ஒரு பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து, தூரிகையின் ஒரு ஓரத்தில் மட்டும் மை எடுத்து, ஒவ்வொரு தாளுக்கும் கையாலேயே செய்வது. அதனால்தான் ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் அருங்காட்சியகத்துக்கு அருங்காட்சியகம் வேறு மாதிரி இருக்கும். இரண்டு பிரதி கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முக விளிம்பு மழுங்கியிருக்கும் பிரதி, கட்டை தேய்ந்த பிறகு எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 5: இப்போது கையை எடுங்கள்

தலைப்பு, நடிகர் பெயர், கவிதை வரிகள், ஓவியர் கையொப்பம் எல்லாம் இப்போது தெரியும். சின்னத் தணிக்கை முத்திரை ஒன்றும் இருக்கும். அந்த ஆண்டுகளில் இந்த முத்திரைக்குள்ளேயே ஆண்டின் விலங்கும் மாதமும் சேர்ந்து வரும். பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழலும் ஆண்டுக் கணக்கில் 1867 முயல் ஆண்டு. ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் முயலுக்கான அந்த ஓர் எழுத்தைப் பழகிக்கொண்டால் தேதியை நீங்களே சரிபார்க்கலாம்.

நடிகர் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. கபுகியில் பெயர் பரம்பரைச் சொத்து, ஒரே மனிதர் வாழ்க்கையில் மூன்று நான்கு பெயர் மாறுவார். மெய்ஜி காலத்தின் (1868–1912) மிகப் பெரிய நடிகரான ஒன்பதாம் இச்சிகாவா டான்ஜூரோ 1867இல் கவாராசாக்கி கோன்ஜூரோவாக இருந்தார், டான்ஜூரோ பட்டம் 1874இல்தான் வந்தது. ஐந்தாம் ஒனோயே கிக்குகோரோ அந்த ஆண்டில் இச்சிமுரா காகித்சு, அடுத்த ஆண்டுதான் கிக்குகோரோ. ஆகவே தரவுத்தளத்தில் தேடும்போது புகழ்பெற்ற பெயரை மட்டும் போட்டால் கிடைக்காது, 1867இல் அவருக்கு என்ன பெயர் என்று பார்த்துப் போடுங்கள்.

படி 6: வண்ணப் படத்தோடு ஒப்பிடுங்கள்

நிழலில் இருக்கும் நடிகரின் வண்ணப் படம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நிழல் எதைக் காப்பாற்றியது, எதை விட்டுவிட்டது என்று அப்போதுதான் தெரியும். ஐந்தாம் மாட்சுமோட்டோ கோஷிரோ என்று ஒரு நடிகர், 1838இல் இறந்தவர், அவருக்கு ‘நெடுமூக்குக் கோஷிரோ’ என்றே பட்டப்பெயர். ஓவியர்கள் அவரை மட்டும் விரும்பிப் பக்கவாட்டில் வரைந்தார்கள், அந்த மூக்கைக் காட்ட வேறு வழியில்லை. அவர் யோஷிஇக்குவின் காலத்துக்கு முந்தியவர், இல்லாவிட்டால் நிழலுருவுக்கு அவரைப் போல ஆள் கிடைத்திருக்கமாட்டார். டான்ஜூரோ பரம்பரை இதற்கு நேர்மாறு. அவர்கள் பெருமையே கண்ணில் இருக்கிறது, முறைத்துப் பார்க்கும் ‘நிராமி’ பார்வையைப் பார்த்தால் நோய் வராது என்று மக்கள் நம்பினார்கள். நிழலில் அந்தக் கண் போய்விடும். கண்ணால் பேர் வாங்கிய மனிதரின் மூக்கும் தாடையும் எப்படி இருந்தன என்று பார்க்கக் கிடைப்பது இப்படித்தான். மேடையில் சாயமும் பொய்முடியும் அணிந்த முகத்தையே பார்த்துப் பழகிய ரசிகருக்கு, வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்த உணர்வு வந்திருக்கும்.

நீங்களே செய்வது: நிழலைப் பிடித்தல்

சரி, இப்போது கை வேலை. முதலில் ஒரு முகம் வேண்டும். நான் என் அத்தையை உட்காரவைத்தேன். வாசற்படிக்குக் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, அதற்கு ஒட்டினாற்போல் அவரை நாற்காலியில் பக்கவாட்டில் உட்காரச் சொல்லி, அறையின் மறுகோடியில் ஒரே ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு வைத்தேன். விளக்கு தள்ளியும் தலை துணிக்குக் கிட்டேயும் இருந்தால் நிழல் கூர்மையாக விழும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், நீளமான விளக்கு விளிம்பைக் கரைத்துவிடும். பார்ப்பவர் மறுபக்கத்தில் நின்று துணிமேல் காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் கோட்டைப் பிடிக்க வேண்டும். தலை ஆடாமல் இருப்பதுதான் கஷ்டம். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் லாவட்டர் என்ற சுவிஸ் பாதிரியார் இதற்கென்றே தலையைத் தாங்கும் நாற்காலி வரைந்து காட்டினார். நாங்கள் தலையணையைச் சுவரோடு அண்டக்கொடுத்தோம், போதுமானதாக இருந்தது. முகம் இம்மி திரும்பினாலும் மூக்கு குட்டையாகும், கவனம். பேசவேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கோடு நிஜ அளவில் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பாதியாகக் குறைத்தால் தலை ஏறக்குறைய பன்னிரண்டு சென்டிமீட்டர் வரும், முதல் முயற்சிக்கு அது சரியான அளவு. அதை மெல்லிய காகிதத்தில் சுத்தமாக ஒருமுறை வரைந்துகொள்ளுங்கள்.

செதுக்குதல்

எடோ பட்டறைகளில் மலைச் செர்ரி மரப் பலகை. இறுகிய மரம், மெல்லிய கோட்டையும் தாங்கும். நமக்கு லினோலியம் என்ற மென்மையான தகடு அல்லது நல்ல பிளைவுட் போதும். பிளைவுட்டில் முடி இழை பிய்ந்துவிடும், அதனால் முதலில் லினோலியம் எடுப்பது நல்லது. வரைந்த தாளை முகம் கீழே பார்க்கும்படி பலகையில் ஒட்டுங்கள், அப்போதுதான் அச்சில் நேராக வரும். ஜப்பானிலும் இதேதான் செய்தார்கள். ஓவியரின் அசல் வரைபடம் செதுக்கும்போதே அழிந்துபோகும்.

கத்தியை விளிம்பின்மீது வைக்கும்போது வெளிப்பக்கம் சரிந்து இறங்கும்படி பிடியுங்கள், வயல் வரப்பு போல அடி அகலமாக நிற்க வேண்டும். உட்பக்கம் குடைந்தீர்களென்றால் நாலு தாள் அச்சிடுவதற்குள் விளிம்பு நொறுங்கும். முதலில் முகக் கோட்டை ஒரே ஓட்டமாக வெட்டுங்கள், நின்று நின்று வெட்டினால் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு மருவாகத் தெரியும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு வெட்டுப் போட்டு வாய்க்கால் எடுத்து, மிச்சத்தை அகல உளியால் சுரண்டி எடுங்கள். பலகையைச் சுற்றுங்கள், கையைச் சுற்றாதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மேலுதடு வளையும் இடத்தில் கத்தி வழுக்கி, அரை மில்லிமீட்டர், அதற்குமேல் இருக்காது, உதட்டு நுனி பறந்துவிட்டது. பரவாயில்லை என்று அச்செடுத்தேன். வீட்டில் காட்டினால், மூக்கு அத்தையுடையது, தாடை அத்தையுடையது, ஆனால் இது அத்தை இல்லை என்றார்கள். யாரோ கோபக்காரப் பெண்மணி மாதிரி இருக்கிறது என்றாள் தங்கை. அரை மில்லிமீட்டர்! அன்றைக்குத்தான் அந்தத் தலைமைச் செதுக்குநர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்கு உறைத்தது. இரண்டாவது கட்டை செதுக்கினேன். உதட்டை முதலில் வெட்டினேன், கை தளராமல் இருக்கும்போதே. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: மூக்கு நுனி, உதடு, தாடைக் குழி மூன்றையும் முதலில் முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

முடியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கொண்டையிலிருந்து தப்பிய நாலைந்து இழை போதும். பிடரியில் இரண்டு, காதோரம் இருக்கும் இடத்தில் ஒன்று விட்டாலே உருவத்துக்கு மூச்சு வந்துவிடும்.

அச்சிடுதல்

காகிதம்: மல்பெரி நாரில் செய்த ஜப்பானியக் காகிதம் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கையால் செய்த மெல்லிய காகிதம். அச்சிடுவதற்குச் சில மணி நேரம் முன்பே ஈரத்துணிகளுக்கு நடுவே அடுக்கி வையுங்கள். தொட்டால் குளுமையாக இருக்க வேண்டும், பளபளக்கக் கூடாது. பளபளத்தால் மை விளிம்பைத் தாண்டி ஊறிவிடும், அப்புறம் செதுக்கினதெல்லாம் வீண்.

மை: குழாயில் வரும் கறுப்பு வாட்டர் கலர், தண்ணீர், கொஞ்சம் அரிசிமாவுக் கூழ். கூழ் சேர்ப்பது பட்டறைகளின் பழைய வழக்கம், பெரிய பரப்பில் மை திட்டுத்திட்டாக நிற்காமல் இருக்க அதுதான் காரணம். கூழ் குறைந்தால் எள் தூவினது போல வெள்ளைப் புள்ளி விழும். நிழல் போன்ற சாம்பல் வேண்டுமென்றால் மையை நீர்க்கக் கரைத்து இரண்டு முறை அச்சிடுங்கள், ஒரே தடவையில் கெட்டியாக அடிப்பதைவிட அது ஆழமாக விழும். இரண்டாம் முறையும் தாள் அதே இடத்தில் உட்கார வேண்டும். அதற்குப் பலகையின் ஒரு மூலையில் ‘ட’ வடிவத்திலும், அதே பக்கத்தில் கொஞ்சம் தள்ளி நேர்கோடாகவும் இரண்டு வெட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘கெந்தோ’ என்று பெயர், பத்துப் பதினைந்து நிறம் அச்சிட்டாலும் விலகாமல் இருந்தது இந்த இரண்டு வெட்டால்தான்.

தாளை வைத்து, மேலே ஒரு வழவழத் தாள் போட்டு, மரக்கரண்டியின் முதுகால் சின்னச் சின்ன வட்டமாக அழுத்தித் தேயுங்கள். ஜப்பானியர்களிடம் இதற்கு மூங்கில் மட்டை சுற்றிய ‘பாரென்’ உண்டு. நடுவிலிருந்து விளிம்புக்குப் போங்கள், முகக் கோட்டை மட்டும் இரண்டாவது தடவை விரல் நுனியால் தடவிக்கொடுங்கள்.

முதல் மூன்று தாள் மங்கலாகத்தான் வரும், கட்டை மையைக் குடித்துப் பழகவேண்டும். நாலாவதிலிருந்து எண்ணுங்கள். நாலாவதில்தான் எனக்கும் அத்தை வந்தார். செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மேலே அகராதி இரண்டை ஏற்றி ஒரு நாள் விட்டேன். மறுநாள் காய்ந்த தாளை எடுத்து, பெயர் எழுதாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். “உங்க அத்தைதானே, எதுக்கு இருட்டில உட்காரவெச்சீங்க?” என்றார்.